தாசேக் கெலுகோரில் திருடுபோன குன்று

“ஒரு குன்றைக் காணவில்லை” என்றார் கேப்டன் இவாமுரா.

குலசேகரம் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மறுபடி மாட்டிக்கொண்டார். போருக்கு முன் அவர் பினாங்கு நீதிமன்றத்தில் மொழிபெயர்ப்பாளர். மூன்று மொழிகளில் பொய் கேட்டுப் பழகிய காது. ஜப்பானியர் வந்து வேலை போனதும், அந்தக் காதை நம்பியே குயின் ஸ்ட்ரீட்டில் மூடிக் கிடந்த ஒரு துணிக்கடையின் மாடியில் துப்பறியும் அலுவலகம் திறந்தார். இதுவரை தேடிக் கொடுத்தவை ஒரு தையல் மிஷின், ஓர் ஆடு, ஓடிப்போன ஒரு மாப்பிள்ளை. மாப்பிள்ளை மட்டும் வீட்டுக்குத் திரும்ப மறுத்துவிட்டார்.

குன்று இதுதான் முதல் தடவை.

“மன்னிக்க வேண்டும் துவான். குன்றா?”

“புக்கிட்!” கேப்டன் இரண்டு கைகளாலும் காற்றில் ஒரு கூம்பு வரைந்தார். “புக்கிட். இருந்தது. இப்போது இல்லை.”

இவாமுரா போருக்கு முன் அலோர் ஸ்டாரில் போட்டோக் கடை வைத்திருந்தவர். கல்யாணப் பெண்களை மலாயில் சிரிக்கச் சொல்லிச் சொல்லி மொழி கைவந்திருந்தது. படை வந்ததும் சீருடை மாட்டிக்கொண்டார். படம் பிடிக்கத் தெரிந்தவருக்கு நிலப்படமும் தெரியும் என்று மேலிடம் முடிவு செய்து, கடலோர பங்களா ஒன்றில் இயங்கிய நிலப்பட அலுவலகத்தை அவரிடம் கொடுத்துவிட்டது.

அங்கே தன் அறை மேஜைமேல் அவர் புதுப் படம் ஒன்றை விரித்தார். மை வாசனை இன்னும் போகவில்லை. தாசேக் கெலுகோர் பக்கத்து ரப்பர் தோட்டங்களும் வயல்களும். எல்லாம் தட்டையான பூமி. நடுவில் ஓரிடத்தில் வளையத்துக்குள் வளையமாகச் சில பழுப்புக் கோடுகள்.

“சம உயரக் கோடு. ஒரே கோட்டில் உள்ள இடமெல்லாம் ஒரே உயரம். வளையத்துக்குள் வளையம் வந்தால் குன்று. அந்த வட்டாரத்துக்கே ஒரே குன்று. நேற்று அதன் உச்சியில் வைக்கப் பீரங்கி கொண்டுபோனோம். குன்று இல்லை. அந்த இடத்தில் என்ன இருந்தது தெரியுமா?”

“என்ன இருந்தது துவான்?”

“குழி!” மேஜையில் குத்தினார் கேப்டன். “வேரோடு பிடுங்கிக்கொண்டு போயிருக்கிறார்கள். பல்லைப் பிடுங்குவது போல!”

கதவோரம் நின்ற அப்துல் ரஹீம் செருமினான். அவன் டிரைஷா என்ற மூன்று சக்கர மிதிவண்டி ஓட்டி. டயர் தேய்ந்து வண்டி படுத்த நாளிலிருந்து குலசேகரத்தின் உதவியாளன். கால் ஓய்ந்த குறையை வாய் தீர்த்துக்கொண்டது.

“ஏண்ணே, ஆடு திருடுனா அறுத்துத் திம்பான். குன்றைத் திருடி என்னா பண்ணுவான்? பாசார்ல கூறு கட்டி விப்பானா?”

“உங்கள் ஆள் என்ன சொல்கிறான்?” என்றார் கேப்டன்.

“திருடர்களிடம் பெரிய லோரி இருந்திருக்கவேண்டும் என்கிறான் துவான்.”

“கெட்டிக்காரன்” என்று தலையாட்டினார் கேப்டன். பிறகு குரலைத் தாழ்த்தினார். “இன்று மாலைக்குள் திருடன் வேண்டும். இல்லையென்றால் நாளை அந்தத் தோட்டத்து ஆண்கள் எல்லாரும் சயாம் ரயில். குழியைச் சுற்றி ஒரு புல் விடாமல் என் சிப்பாய்கள் சோதிப்பார்கள்.”

ரஹீம் குலசேகரத்தைப் பார்த்தான். சயாமில் ரயில் பாதை போடக் கொண்டுபோன தோட்டத் தமிழர்களில் திரும்பி வந்தவரை இருவரும் இன்னும் பார்த்ததில்லை.

*

ராணுவ லோரி படகில் கடலைக் கடந்து பட்டர்வொர்த்தில் இறங்கி வடக்கே ஓடியது. ஓட்டிய சிப்பாய்க்கு ஒரு கால் நொண்டல். நேற்று அண்ணாந்து பார்த்தபடியே குன்றைத் தேடி நடந்து குழிக்குள் விழுந்தவன் அவன்தான். ரப்பர் தோட்டத்து ஓரத்தில் லோரியை நிறுத்தினான். இறங்கமாட்டேன் என்று கையசைத்துவிட்டுத் தொப்பியை முகத்தில் கவிழ்த்துக்கொண்டு தூங்கிப்போனான்.

குலசேகரம் படத்தைப் பிடித்துக்கொண்டு லாலாங் புல்லை விலக்கி நடந்தார். ரஹீம் ஒரு குச்சியால் தரையைத் தட்டிக்கொண்டே முன்னே போனான்.

“என்ன தட்டுறீர்?”

“குன்று தூங்குதோ என்னமோண்ணே. எழுப்பிப் பாக்குறேன்.”

புல் சட்டென்று முடிந்தது. கீழே செம்மண் குழி. சுவர்கள் செங்குத்தாக இறங்கின. அடியில் குட்டைபோல் தண்ணீர். அதில் வாத்துகள்.

சரிவில் ஒற்றையடித் தடம் ஒன்று தெரிந்தது. இருவரும் இறங்கினார்கள். தண்ணீர் ஓரத்தில் நின்று குலசேகரம் படத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

“ரஹீம், இந்தப் படத்தின்படி நாங்கள் இப்ப எங்கை நிக்கிறம் தெரியுமோ? குன்றின்ரை உச்சியில.”

“அதான் மூச்சு வாங்குதா” என்றான் ரஹீம். “உச்சியில வாத்து நீந்துதுண்ணே. பாத்துக்குங்க.”

குலசேகரம் சுவரைக் காட்டினார். பாதிச் சரிவில் ஜெரிங் மரம் ஒன்று வேரை மண்ணுக்குள் விட்டுப் பருத்து நின்றது. சுவரெங்கும் பாசி.

“இந்த மரம் இவ்வளவு வளர எத்தனை காலம் எடுத்திருக்கும்? இது நேற்றுத் தோண்டின குழியில்லை. வெள்ளைக்காரன் காலத்திலை ரோட்டுக்குச் செம்மண் எடுத்த இடம். இஞ்சை குன்றெண்டு ஒண்டு இருந்ததே இல்லை.”

“அப்ப படம் பொய் சொல்லுதா?”

“படம் ஏதோ ஒண்டைச் சொல்லாமல் விட்டிருக்குது.”

ரஹீம் குனிந்தான். புதருக்குள்ளிருந்து ஒரு உரித்த மரவள்ளித் தோலை எடுத்தான். இன்னும் ஈரம் காயவில்லை. “வாத்து உபிக் கெழங்கை உரிச்சுத்தான் திங்குமாண்ணே?”

அந்த நேரத்தில் சுவரில் தொங்கிய கொடிகள் விலகின. உள்ளே குடைவு. அதிலிருந்து தாடி வளர்ந்த ஒரு மனிதர் தடியோடு வெளியே வந்தார். அவருக்குப் பின்னால் இருட்டில் பல கண்கள்.

“ஆர் நீங்கள்?” என்றார் அவர். யாழ்ப்பாணப் பேச்சு.

குலசேகரம் பெயரைச் சொன்னார். தடி இறங்கவில்லை. ரஹீம் இரண்டு கைகளையும் தூக்கினான். “சுடுறதா இருந்தா அவரைச் சுடுங்க. நான் டிரைஷாக்காரன். என்னையச் சுட்டா உங்களை வீட்டுக்கு ஏத்திப்போக ஆள் கிடையாது.”

“இது தடி” என்றார் அந்த மனிதர்.

“அப்ப சரி” என்று கையை இறக்கினான் ரஹீம்.

அவர் பெயர் ஆனந்தராஜா. தோட்டத்து டிரெசர். மருந்து கட்டுபவர். சயாமுக்கு ஆள் எடுக்க வந்தபோது, காய்ச்சல்காரனையும் கால் புண்காரனையும் வேலைக்குத் தகுதி என்று எழுதித் தரச் சொன்னார்கள். அவர் பேனாவைக் கீழே வைத்துவிட்டார். அன்றே அந்த ஆட்களை அழைத்துக்கொண்டு இங்கே இறங்கியவர்தான். தோட்டத்துப் பெண்கள் வாத்து மேய்க்க வருவது போல வந்து கிழங்கு போட்டுப் போகிறார்கள்.

“நேற்று ஒருவன் மேலிருந்து விழுந்தான். வாத்துக் கத்தின சத்தத்திலை எங்களைக் கவனிக்கேல்லை” என்றார் ஆனந்தராஜா. தயங்கி, “படம் அச்சாகிட்டுதோ?” என்று கேட்டார்.

“ஓம்” என்றார் குலசேகரம்.

ஆனந்தராஜாவின் முகம் விழுந்தது.

மேலே ஏறி லோரியை நோக்கி நடக்கும்போது குலசேகரம் நின்றார். “கேட்டீரோ, ரஹீம்? குழிக்குள்ளை கிடக்கிற மனுசனுக்குப் படம் வரையுறாங்கள் எண்டு எப்பிடித் தெரியும்?”

“வாத்து சொல்லியிருக்கும்” என்றான் ரஹீம். ஆனால் அவன் சிரிக்கவில்லை. “அந்தப் படம் வரையுற அலுவலகத்துல அவரு ஆளு யாரோ இருக்காங்கண்ணே.”

*

படம் வரையும் கூடம் பங்களாவின் பழைய சாப்பாட்டு அறை. ஜன்னலோர மேஜையில் ஒரு பெண் மட்டும் மெல்லிய காகிதத்தில் கோடு இழுத்துக்கொண்டிருந்தாள். ஞானாம்பிகை. பழைய வெள்ளைக்காரப் படங்களின் மேல் மெழுகுக் காகிதம் வைத்துப் புதுப் படத்துக்கு நகல் எடுப்பது அவள் வேலை. டிரேசர் என்பார்கள். தாசேக் கெலுகோர்ப் படம் அவள் கையால் ஆனது.

“எதைப் படத்திலை போடுறது, எதை விடுறது எண்டு ஆர் தீர்மானிக்கிறது, பிள்ளை?” என்று கேட்டார் குலசேகரம்.

“இடம்தான் தீர்மானிக்கும், அண்ணை” என்றாள் அவள், பேனாவைத் தாளிலிருந்து எடுக்காமல். “ஜோர்ஜ் டவுனுக்குள்ளை பெரிய கோயில்கூடச் சிலநேரம் வராது. சுத்தி எல்லாம் கட்டடம். குறி போட இடமில்லை. ஆனால் வெட்டவெளியில ஒரு தனிப் பனை நிண்டாலும் வரும். வழி தவறினவனுக்கு அதுதானே துணை.”

“இப்ப?”

அவள் சுவரைக் காட்டினாள். கேப்டனின் உத்தரவு மலாயில் ஒட்டியிருந்தது. சிப்பாய் ஏறக்கூடியது, ஒளியக்கூடியது, குடிக்கக்கூடியது, கடக்கக்கூடியது மட்டுமே படத்தில் இருக்கவேண்டும். மற்றதெல்லாம் அலங்காரம். மை மிச்சப்படுத்த, அரிசி மணியைவிடக் குட்டையான கோடு எதுவும் போடக்கூடாது.

“குடிக்கக்கூடியதா!” என்றான் ரஹீம். “அதான் தபாலாபீஸைக் காணோம், கள்ளுக்கடை எல்லாம் பத்திரமா இருக்கு.”

குலசேகரம் பழைய படத்தை வாங்கிப் பார்த்தார். செம்மண் குழி அதிலும் வளையத்துக்குள் வளையமாகத்தான் இருந்தது. ஆனால் ஒவ்வொரு வளையத்திலும் உள்பக்கம் பார்த்தபடி பொடிப்பொடியாக முள் போலக் குறுங்கோடுகள். முள் இருந்தால் பள்ளம். இல்லாவிட்டால் மேடு. அவ்வளவுதான் வித்தியாசம்.

புதுப் படத்தில் அந்த வளையங்களில் முள் இல்லை. அரிசி மணியைவிடக் குட்டை. உத்தரவுப்படி போய்விட்டது.

“அட!” என்றான் ரஹீம். “கேப்டன் தன் குன்றைத் தானே பண்ணியிருக்காரு. தானே தேடுறாரு. கேஸ் முடிஞ்சுதுண்ணே. வாங்க போவோம்.”

குலசேகரம் போகவில்லை. அவர் விரல் புதுப் படத்தில் மேற்கே நகர்ந்து கெப்பாலா பத்தாஸ் பக்கம் நின்றது. அங்கே இன்னொரு குழி. அதில் முட்கள் இருந்தன. பழைய படத்தில் இருந்ததைவிட நீளமாக, பூரான் கால் மாதிரி.

“ரஹீம், ஒரு அரிசி மணி வேணும்.”

“அரிசியா? இந்த ஊர்லயா? பேசாம அந்தக் குன்றையே கேளுங்கண்ணே, அதாவது தேடிப் பாக்கலாம்.”

ஞானாம்பிகை மேஜை இழுப்பறையைத் திறந்து ஒரே ஒரு அரிசியை எடுத்து வைத்தாள். அளவுக்கு அலுவலகம் கொடுத்தது. குலசேகரம் அதைப் பூரான் கால் பக்கத்தில் வைத்தார். கால் அரிசியைத் துளி தாண்டியிருந்தது.

“உத்தரவையும் மீறேல்லை, குழியையும் கெடுக்கேல்லை. முள்ளை இழுத்து நீட்டியிருக்கிறீர். நல்ல மூளை. இந்தத் தாளிலை உள்ள எல்லாக் குழிக்கும் அப்பிடிச் செய்திருக்கிறீர். ஒண்டே ஒண்டுக்கு மட்டும் செய்யேல்லை.”

பேனா நின்றது.

“உம்மடை ஆளுக்குத் தாடி வளர்ந்திட்டுது, பிள்ளை” என்றார் குலசேகரம் மெதுவாக. “ஆனால் சுகமாய் இருக்கிறார்.”

அவள் இரண்டு கைகளாலும் மேஜையைப் பிடித்துக்கொண்டாள். அவள் கேட்டது ஒன்றே ஒன்றுதான்.

“சாப்பிட்டவரோ?”

“கிழங்கு உரிச்சு வெச்சிருந்தாங்கக்கா” என்றான் ரஹீம். முதல் தடவையாக அவனிடம் வேடிக்கை இல்லை.

பிறகு அவள் சொன்னாள். தோட்டத்துப் பெண்கள் மூலம் செய்தி போய் வந்துகொண்டிருந்தது. படத்தில் குழி என்று இருந்தால், ஓடிப்போன ஆட்களைத் தேடுபவன் முதலில் அங்கேதான் இறங்குவான். ஒளியக்கூடிய இடம் என்று உத்தரவே சொல்கிறது. வளையங்களையே அழித்தால் பழைய படத்தோடு ஒப்பிட்டுச் சரிபார்ப்பவன் கண்டுபிடித்துவிடுவான். முள்ளை விட்டால் யாரும் கேட்கமுடியாது.

“குன்றெண்டால் ஆர் ஏறப்போறான், இந்த வெய்யிலுக்கை, எண்டு நினைச்சன், அண்ணை” என்றாள். “பீரங்கியைத் தூக்கிக்கொண்டு போவாங்கள் எண்டு எனக்குத் தெரியாமல் போட்டுது.”

*

கேப்டனின் அறைக் கடிகாரம் டோக்கியோ நேரம் காட்டியது. அதன்படி மாலை. ஜன்னலுக்கு வெளியே பினாங்குச் சூரியனுக்கு அந்தச் செய்தி இன்னும் எட்டவில்லை.

“திருடன் எங்கே?”

குலசேகரம் வழியெல்லாம் யோசித்து ஒரு பொய் தயாரித்திருந்தார். “திருடு இல்லை துவான். அந்த மண் இளக்கமானது. கனமான பீரங்கி வருவது தெரிந்ததும் குன்று அமிழ்ந்துவிட்டது.”

கேப்டன் எழுந்து கதவைச் சாத்தினார். இழுப்பறையிலிருந்து ஒரு பூதக்கண்ணாடியையும் பழைய வெள்ளைக்காரப் படத்தையும் எடுத்து மேஜையில் வைத்தார்.

“நான் இருட்டறையில் எத்தனை வருடம் உட்கார்ந்திருந்தேன் தெரியுமா?” என்றார். “மணப்பெண்ணின் மூக்குப் பொட்டு ஒரு புள்ளி. அது விட்டுப்போனால் பெண் வீட்டார் என் கடையை உடைத்துவிடுவார்கள். முள் விட்டுப்போனது எனக்குத் தெரியாதா? நேற்று அந்த மடையன் விழுந்தபோதே தெரிந்தது.”

ரஹீம் குலசேகரத்தின் காதில், “அண்ணே, பைத்தியம் அவரில்லை, நாமதான்” என்றான்.

“அப்படியானால் ஏன் துவான் எங்களை அனுப்பினீர்கள்?”

“நேற்றுக் காலையே மேலிடத்துக்குச் செய்தி அனுப்பிவிட்டேன். பீரங்கி குன்றின் உச்சியில் ஏறிவிட்டது என்று.” கேப்டனின் குரல் முதல் தடவையாகத் தளர்ந்தது. “கர்னல் பாராட்டிவிட்டார். பார்வையிட வருகிறாராம், மழைக்காலம் முடிந்து. எனக்குக் குன்று வேண்டாம். குன்று இல்லாததற்கு ஒரு திருடன் வேண்டும். யாராவது ஒருவன்.” அவர் கண் கூடத்துப் பக்கம் போனது. “இல்லையென்றால் படம் வரைந்தவள்.”

குலசேகரம் கண்ணாடியைத் துடைத்தார். இந்தத் தடவை நன்றாகவே துடைத்தார்.

“திருடன் கிடைத்தால் விசாரணை வரும் துவான். படம் வரைந்தவளைப் பிடித்தாலும் விசாரணைதான். விசாரிப்பவர் முதலில் கேட்பது, முள்ளை விடச்சொன்னது யார் என்று. உத்தரவு சுவரில் இருக்கிறது. உங்கள் முத்திரையோடு.”

கேப்டன் உட்கார்ந்துவிட்டார்.

“ஆனால் குன்று கிடைத்துவிட்டால் விசாரணையே இல்லை.”

“குன்று எங்கிருந்து கிடைக்கும்?”

“கட்டலாம்” என்றார் குலசேகரம்.

ரஹீமுக்கு இருமல் வந்தது.

“படம் சரி. பூமிதான் தவறு. பூமியைத் திருத்துவோம். மழைக்காலம் முடிய நிறைய நாள் இருக்கிறது. ஆனால் ஆள் வேண்டும் துவான். மண் சுமக்கத் தெரிந்த ஆட்கள். சயாமுக்கு அனுப்பிவிட்டால் குன்றை யார் கட்டுவது? தோட்டத்து ஆண்கள் எல்லாருக்கும் உங்கள் முத்திரை போட்ட கைப்பட்டி கொடுத்துவிடுங்கள். ராணுவ வேலை. வேறு யாரும் தொடமுடியாது.”

கேப்டன் படத்தைத் தன் பக்கம் திருப்பினார். “மண்ணுக்கு எங்கே போவது?”

“பக்கத்தில் ஒரு குழி தோண்டலாம்” என்றான் ரஹீம் மலாயில். இந்தத் தடவை மொழிபெயர்ப்பு தேவைப்படவில்லை.

“அந்தக் குழியைப் படத்தில் போடவேண்டுமா?” கேப்டன் உண்மையாகவே கவலைப்பட்டார்.

“போரில் அலங்காரம் இல்லை துவான்” என்றார் குலசேகரம்.

கேப்டன் முத்திரையை எடுத்தார். “ஆட்களுக்குக் காயம் பட்டால்?”

“அங்கே ஒரு டிரெசர் இருக்கிறார். நல்ல மனிதர். கொஞ்சம் தாடி.”

*

குன்று சீரமைப்புப் படை என்று கைப்பட்டியில் அச்சாகியிருந்தது. சயாமுக்கு ஆள் பிடிக்க வந்த லோரி அந்தத் தோட்டத்துக்கும் ஒரு தடவை வந்தது. பட்டியைப் பார்த்துவிட்டு, வணங்கிவிட்டுப் போய்விட்டது. குழிக்குள்ளிருந்து ஏறி வந்தவர்கள் எப்போது வந்தார்கள், எங்கிருந்து வந்தார்கள் என்று யாரும் கேட்கவில்லை. கேட்கவேண்டிய கேப்டனுக்கு ஆள் எவ்வளவு கூடினாலும் சந்தோஷம்தான்.

அவர்கள் உலகத்திலேயே மிக மெதுவாக மண் சுமந்தார்கள். காய்ச்சல்காரர்கள் குணமாகும்வரை ஒரு கூடை மண்ணை இருவர் தூக்கினார்கள். குணமானபின் மூவர் தூக்கினார்கள். மழை பெய்தால் பாதிக் குன்று கரைந்தது. மறுபடி கட்டினார்கள்.

குன்று எவ்வளவு வளர்ந்தது என்று வாரந்தோறும் அளந்து படத்தில் ஏற்றவேண்டும் என்பது கேப்டனின் புது உத்தரவு. அதற்காக அலுவலகத்திலிருந்து ஒருவரை அனுப்பவேண்டியதாயிற்று. டிரேசர் ஞானாம்பிகை தானாக முன்வந்தாள்.

அவளுக்குக் காவலாகக் குலசேகரமும் ரஹீமும் போன ஒருநாள், கேப்டனும் வந்திருந்தார். பழைய குழியின் விளிம்பில் எழுந்த குன்று முழங்கால் உயரம் வந்திருந்தது. கேப்டன் பூட்ஸ் காலோடு ஏறி உச்சியில் நின்றார். தொலைநோக்கியை எடுத்து நாலு திசையும் பார்த்தார். ரப்பர் மரங்கள் அவரைவிட உயரமாக நின்றன. “நல்ல காட்சி” என்றார் திருப்தியாக.

சற்றுத் தள்ளி ஆனந்தராஜா அளவுகோலை நிமிர்த்திப் பிடித்துக்கொண்டிருந்தார். தாடியை மழித்திருந்தார். ஞானாம்பிகை கோலில் எண்ணைப் பார்த்தாள், அவர் முகத்தைப் பார்த்தாள், மறுபடி எண்ணைப் பார்த்தாள்.

“முழங்கால் அளவைப் பாக்க இவ்வளவு நேரமாண்ணே?” என்றான் ரஹீம்.

“பேசாமல் இரும்” என்றார் குலசேகரம். “தப்பாய் அளந்தால் திரும்பவும் முதலிலையிருந்து அளக்கவேணும்.”

அதைக் கேட்டதும் ஞானாம்பிகை தப்பாக அளந்தாள்.